பட்டா தாத்தா பேரில், இழப்பீடு யார் கையில்?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் விவசாயம் செய்கிறோம். எங்கள் ஊர் வழியாகத் தேசிய நெடுஞ்சாலைக்குப் புறவழிச்சாலை போடப் போகிறார்கள். தாத்தா பெயரில் உள்ள 4 மா (ஒரு மா 33 சென்ட்) நிலத்தில் நடுவாக இரண்டரை மா போகிறது. கோயில் நிலம் 6 மா குத்தகைக்குச் செய்கிறோம், அதிலும் 2 மா போகிறது. ஒருவர் வந்து, "எனக்குப் பவர் எழுதிக் கொடுங்கள், இரண்டு மடங்கு வாங்கித் தருகிறேன், பத்துக்கு ஒன்று எனக்கு. பையனுக்கு டோல்கேட்டில் வேலையும் முடித்துத் தருகிறேன்" என்கிறார். கையெழுத்துப் போடலாமா? வேளாண் மண்டலத்தில் ரோடு போடவே கூடாது என்றும் சிலர் சொல்கிறார்களே?

பதில்: போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இந்தப் பதிலின் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள்.

வேளாண் மண்டலப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடை செய்வது எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடுவது போன்றவற்றை. அந்தப் பட்டியலில் சாலை இல்லை. அதை நம்பிக்கொண்டு சும்மா இருந்தால் ஆட்சேபனைக்கான நாள் போய்விடும்.

இப்போது அந்த இரண்டு மடங்குக்கு வருகிறேன். நான் வருவாய்த்துறையில் இருந்தவன், நில எடுப்புப் பிரிவிலும் சில வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். இந்த ஆட்கள் எல்லா ஊரிலும் சொல்வது ஒரே வசனம்தான், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. இரண்டு மடங்கு வரும். ஆனால் அதைக் கொடுப்பது அவர் அல்ல, சட்டம்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி. ஆனால் 2015 முதல் இழப்பீட்டுக் கணக்கை 2013-ஆம் வருஷத்துப் புதிய நில எடுப்புச் சட்டப்படிதான் போட வேண்டும். முதலில் சந்தை மதிப்பு. அரசு வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். பக்கத்தில் கடந்த மூன்று வருஷத்தில் பதிவான கிரயங்களில் விலை கூடுதலான பாதியை எடுத்து, அதன் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. கிராமப்புற நிலம் என்றால் அதை அரசு நிர்ணயித்த ஒரு காரணியால் பெருக்குவார்கள். மரம், போர்வெல், கொட்டகை இருந்தால் அதையும் சேர்ப்பார்கள். வரும் தொகைக்குச் சரிசமமாக, நூற்றுக்கு நூறு, ஆறுதல் தொகை. அதுபோக, அறிவிப்பு வந்த நாளிலிருந்து சந்தை மதிப்பின் மேல் வருஷத்துக்கு 12 சதவீதம். உங்கள் ஆள் காட்டும் இரண்டு மடங்கு இந்த ஆறுதல் தொகைதான். அவர் ஊரில் இல்லாவிட்டாலும் வரும். வருவதைத் தான் வாங்கிக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டி, பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்.

அடிப்படை மதிப்பு ஏன் குறைவாக வருகிறது என்று கோபப்படுகிறோம். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து பத்து லட்சத்துக்கு வாங்கிய நிலத்தை மூன்று லட்சம் என்று பத்திரம் எழுதியது நம் ஊர்தான். 2017-ல் அரசு வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தபோது மனை வாங்கியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நிலம் பறிகொடுப்பவனை அன்றைக்கு யார் நினைத்தார்கள்? அதனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். பக்கத்துப் புல எண்களில் நல்ல விலைக்குப் பதிவான கிரயப் பத்திரங்களின் நகல் எடுத்து வையுங்கள். நாலு நகல் இருந்தால் உங்கள் வாதத்துக்கு வலு வரும். ஒரு முற்பகல் வேலை. புரோக்கருக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இவ்வளவுதான்.

உங்கள் உண்மையான சிக்கல் தாத்தா. பணம் காகிதத்தில் இருக்கும் பேருக்குத்தான் போகும், தாத்தாவோ இல்லை. அதிகாரி தொகையைத் தீர்மானித்துவிட்டு, வாங்க ஆள் சரியில்லை என்றால் எடுத்து வைத்துவிடுவார். பங்குத் தகராறு என்றால் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார். கோர்ட்டுக்குப் போன பணம் திரும்பி வர எத்தனை சாகுபடி ஆகும் என்று சொல்ல முடியாது. ஆகவே இப்போதே தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் சேர்த்துப் பட்டா மாறுதலுக்குப் போடுங்கள். அத்தைகளை விட்டுவிடாதீர்கள். "பெண்களுக்கெல்லாம் அப்போதே சீர் செய்தாச்சு, பேரைச் சேர்க்க வேண்டாம்" என்று ஆலோசனை சொல்லவும் ஒரு கூட்டம் இருக்கிறது. தாத்தா தானே சம்பாதித்த நிலமாக இருந்து, உயில் எழுதாமல் போயிருந்தால், மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ஒரு அத்தை ஒரு மனு கொடுத்தால் மொத்தப் பணமும் நின்றுவிடும். அவர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, பங்கையோ, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தையோ முடித்துக்கொள்ளுங்கள்.

சாலையின் அளவை ட்ரோன் பறந்து எடுத்துவிடுகிறது. ஒரு வாரிசுச் சான்றுக்கு மட்டும் மனிதன் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. எண்பதுகளில் யுடிஆர் என்று நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் வந்து பட்டாக்களைப் புதிதாக எழுதியபோது எழுத்தர் ஒருவர் 'கோவிந்தசாமி'யை 'கோவிந்தராஜ்' என்று எழுதியிருப்பார். அந்த ஒரு வரியைத் திருத்த மூன்றாவது தலைமுறை இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறது. யார் பேரில் எவ்வளவு நிலம் என்று காட்டும் அ-பதிவேட்டையும், உங்கள் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் இன்றே எடுத்துப் பாருங்கள், இப்படிப் பிழை இருந்தால் இப்போதே தெரியட்டும்.

அளவையும் பாருங்கள். நாம் மா, குழி என்று பேசுகிறோம், அறிவிப்பில் சதுர மீட்டரில் வரும். தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். இரண்டரை மா என்றால் ஏறக்குறைய 3,345 சதுர மீட்டர். பட்டியலில் உங்கள் உட்பிரிவுக்கு நேரே 2,900 என்று இருந்தால், நானூற்றைம்பது மீட்டர் எங்கே போனது என்று கேட்க வேண்டியது நீங்கள்தான்.

கெஜட்டிலும் இரண்டு பத்திரிகையிலும் வரும் முதல் அறிவிப்பை 3ஏ என்பார்கள். அது வந்த நாளிலிருந்து ஆட்சேபனைக்கு 21 நாள். அதில் பலரும் "எங்களுக்கு ரோடு வேண்டாம்" என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள், விசாரணை முடிந்து அது தள்ளுபடியாகும். நீங்கள் தண்ணீரைப் பற்றி எழுதுங்கள். நாலு மாவில் நடுவில் இரண்டரை போனால் அந்தப் பக்கம் முக்கால், இந்தப் பக்கம் முக்கால் மிஞ்சும். வாய்க்கால் ஒரு பக்கம், வடிகால் மறுபக்கம். பெரிய வாய்க்கால் என்றால் வரைபடத்தில் இருக்கும், பாலம் வைப்பார்கள். உங்கள் வயலுக்குத் தண்ணீர் பாயும் கன்னி வாய்க்கால் எந்தப் படத்திலும் இருக்காது. மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் நாளில், ஆறடி உயரத்துக்கு மண் கொட்டிய ரோடு உங்கள் முக்கால் மாவுக்கு முன்னால் நிற்கும். ஐப்பசி மழையில் அதுவே வெள்ளத்தை உள்ளே தேக்கும். எந்த இடத்தில் குழாய் வேண்டும், எத்தனை வயலுக்குப் பாசனம் என்று கைப்படம் வரைந்து, பக்கத்து வயல்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி மனுவோடு கொடுங்கள். நிலம் துண்டாகி மீதி கெட்டுப்போவதற்கும் இழப்பீடு உண்டு, அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் சாகுபடி பதிவாகியிருக்கிறதா என்றும் கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். தாளடி நிற்கும் வயலைத் தரிசு என்று எழுதியிருந்தால் பயிருக்குக் காசு வராது.

தீர்மானித்த தொகை குறைவு என்று பட்டால் வாங்காமல் இருக்காதீர்கள். 'ஆட்சேபனையுடன் பெறுகிறேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு, நடுவரிடம் போங்கள். பெரும்பாலும் கலெக்டர்தான் நடுவர். கூடுதலாகத் தீர்ப்பானால் அந்தக் கூடுதலுக்கு 9 சதவீத வட்டி உண்டு. இதற்கு ஒரு வக்கீல் வையுங்கள், கட்டணத்தைப் பேசி ரசீது வாங்குங்கள். மாநில நெடுஞ்சாலை என்றால் சட்டமே வேறு, அதை இங்கே இழுக்கவில்லை.

கோயில் நிலத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெல்டாவில் பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். நிலம் கோயிலுடையது, ஆகவே நிலத்தின் விலை கோயிலுக்கு என்று செயல் அலுவலர் மனு போடுவார், மொத்தத்தையும் கேட்பார். குத்தகைதாரர் தனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்து விசாரணைக்கே போகமாட்டார். தப்பு. சட்டம் பணத்துக்குக் கூப்பிடுவது நிலத்தில் உரிமையும் நலனும் உள்ள எல்லோரையும். சாகுபடிக் குத்தகைதாரரும் அதில் ஒருவர். இவருக்கு இவ்வளவு என்று நெடுஞ்சாலைச் சட்டத்தில் விகிதம் அச்சடித்து வைக்கவில்லை, அதனால் கேட்டால்தான் உண்டு. ஒத்துவரவில்லை என்றால் பங்கைத் தீர்மானிக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லலாம்.

ஆனால் நீங்கள் குத்தகைதாரர் என்பதற்கு என்ன அத்தாட்சி? 1969-ல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாலுகாவில் உங்கள் பேர் பதிவாகியிருக்கிறதா? அப்பா பேரில் இருந்து அப்பா காலமாகியிருந்தால் உங்கள் பேருக்கு மாற்றினீர்களா? சொந்த உடலுழைப்போ குடும்பத்து உழைப்போ போட்டுச் செய்கிறவருக்குத்தான் 1955-ஆம் வருஷத்துச் சட்டப் பாதுகாப்பு. உள்குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் இருந்தால் பேச்சு எடுபடாது. என் மேசைக்கு ஒருமுறை ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் முப்பத்திரண்டு வருஷத்துக் குத்தகை ரசீது, வருஷவாரியாக நூல் கட்டி, இடையில் கரப்பான் அரித்த ஒரு வருஷம் மட்டும் இல்லை. அந்த ஒரு வருஷத்துக்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவருக்குப் பங்கு கிடைத்தது அந்த டின்னால்தான். நெல்லாக அளந்து ரசீது வாங்காமல் விட்டவர்கள், "கணக்குப்பிள்ளைக்குத் தெரியும்" என்று சொன்னவர்கள், வெறுங்கையோடு போனார்கள். குத்தகைப் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டி ரசீது வாங்குங்கள். பாக்கியைக் காட்டித்தான் உங்களை வெளியே தள்ளப் பார்ப்பார்கள்.

டோல்கேட் வேலையைப் பற்றி ஒரு பத்தி போதும். சுங்கச்சாவடி வேலை ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது, ஒப்பந்தம் மாறினால் ஆளும் மாறும். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு அங்கே வேலை என்று எந்த உரிமையும் கிடையாது. 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தில் பாதித்த குடும்பத்துக்கு, திட்டத்தில் வேலை உருவானால் வேலை, அல்லது ஒரே தடவை 5 லட்சம், அல்லது 20 வருஷத்துக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் என்று ஒரு மறுவாழ்வு அட்டவணை இருக்கிறது. நிலத்தையே நம்பி மூன்று வருஷமாக அங்கே இருக்கும் கூலிக்காரரும் குத்தகைதாரரும் பாதித்த குடும்பக் கணக்கில் வருவார்கள். அறுவடைக்கும் நடவுக்கும் வந்துகொண்டிருந்த பெண்களுக்கு அந்தக் கணக்கில் யாராவது பேர் எழுதினார்களா என்று ஒரு கிராமத்திலாவது காட்டச் சொல்லுங்கள். கேட்டுப் பாருங்கள், எழுத்தில் கேளுங்கள். ஆனால் பையனுக்காக முன்பணம் என்று ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் நான்குவழிச் சாலை எத்தனை வருஷம் பாதியில் கிடந்தது என்று அந்த வழியில் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். வராத ரோட்டின் டோல்கேட்டில் என்ன வேலை?

கடைசியாகப் பவர். நான் பார்த்த ஒரு வழக்கில் புரோக்கரே கூட்டிப்போய் வங்கிக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்திருந்தார். பாஸ்புக் விவசாயியிடம், செல் நம்பர் புரோக்கருடையது. பணம் வந்த குறுஞ்செய்தி அவருக்குப் போனது, கையெழுத்திட்ட காசோலைத் தாள்களும் அவரிடமே இருந்தன. பாஸ்புக்கில் வரி போடப் போன அன்றுதான் இவருக்கு விஷயம் தெரிந்தது. ஆகவே கணக்கில் உங்கள் செல் நம்பர்தானா என்று நாளைக்கே வங்கியில் பாருங்கள். வெற்றுத்தாளிலோ காசோலையிலோ கையெழுத்துக் கொடுத்திருந்தால் பணம் நிறுத்தும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பவர் பதிவாகியிருந்தால் அதே சார்பதிவாளரிடம் ரத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். அந்த நகலை நில எடுப்பு மாவட்ட வருவாய் அலுவலருக்கும் தனி வட்டாட்சியருக்கும் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலிலும் ஒன்று அனுப்புங்கள். முத்திரை போட மறுத்தால் மனு எண் தரும்வரை அங்கேயே உட்காருங்கள், மத்தியானச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.