புகை அறைக்குள் திரும்பினால்: கணப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

கணப்பு அடுப்பு, விறகு ஸ்டவ், புகைபோக்கி பற்றி மலை ஊர்களிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ஊட்டியில் பழைய பங்களா ஒன்று வாங்கியிருக்கிறோம். ஹாலில் உள்ள ஃபயர்பிளேஸைப் பற்ற வைத்தால் முதல் பத்து நிமிடம் புகையெல்லாம் அறைக்குள்தான் வருகிறது. சில நாட்களில் அது நிற்பதே இல்லை. சிம்னியை இடித்துக் கட்ட வேண்டும் என்கிறார் மேஸ்திரி. வேறு வழி உண்டா?
– வாசகி, ஊட்டி

இடிக்க அவசரப்படாதீர்கள். முதலில் டேம்பரைப் பாருங்கள். கணப்புக்கு மேலே புகைபோக்கியின் தொண்டையில் இருக்கும் இரும்புத் தகடுதான் டேம்பர். பழைய வீடுகளில் அது துருப்பிடித்துப் பாதி மூடியபடியே நின்றுவிடும். அடுத்து, கணப்பு ஆறியிருக்கும்போது கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து மேலே பாருங்கள். வானம் தெரியாவிட்டால் பறவைக் கூடோ விழுந்த செங்கல்லோ அடைத்திருக்கிறது.

வழி திறந்திருந்தும் புகை வந்தால், சிம்னிக்குள் நிற்கும் குளிர்ந்த காற்றுதான் காரணம். குளிர்காற்று கனமானது. இரவெல்லாம் குளிர்ந்த செங்கல் சுவருக்குள் அது கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். பற்ற வைக்கும் முன் ஓர் ஊதுபத்தியைக் கணப்பின் வாயருகே பிடியுங்கள். புகை மேலே போனால் தீ மூட்டலாம். அறைப் பக்கம் திரும்பினால், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, காற்று வீசும் பக்கத்து ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வையுங்கள். பிறகு இரண்டு முழுத் தாள் செய்தித்தாளைத் தளர்வாக முறுக்கிப் பற்ற வைத்து, டேம்பருக்கு அருகே ஒரு நிமிடம் பிடியுங்கள். மேல்நோக்கி இழுக்கும் சத்தம் கேட்டதும் விறகுக்குத் தீ வைக்கலாம்.

"சில நாட்களில் நிற்பதே இல்லை" என்கிறீர்களே, அதற்கு வாயின் அளவு காரணமாக இருக்கலாம். கணப்பின் வாய்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது புகைக்குழாயின் உட்பரப்பு இருக்க வேண்டும். வாய் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம் என்றால் 1,080 சதுர அங்குலம். குழாய் 9க்கு 9 என்றால் வெறும் 81. அந்தக் குழாய் 810 சதுர அங்குல வாய்க்குத்தான் தாங்கும். அதாவது வாயின் உயரத்தை ஏழரை அங்குலம் குறைக்க வேண்டும். இதற்கு இடிக்கும் வேலையே இல்லை. தீ எரியும்போது, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ஓர் இரும்புத் தகட்டை வாயின் மேல்விளிம்பில் வைத்து மெல்லக் கீழே இறக்குங்கள். எந்த இடத்தில் புகை நிற்கிறதோ அந்த அளவுக்குத் தகடு வெட்டி நிரந்தரமாகப் பொருத்திவிடலாம்.

காற்று பலமாக வீசும் நாட்களில் மட்டும் புகை வந்தால் சிம்னியின் உயரத்தைச் சந்தேகப்படுங்கள். அது கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடித் தொலைவுக்குள் உள்ள கூரை முகடு, சுவர் எதையும்விட 2 அடி மேலே நிற்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதே அளவுக்குச் சிம்னியின் இழுவையும் குறையும். சமவெளிக் கணக்கில் சரியாக இருக்கும் சிம்னி மலையில் திணறுவது இதனால்தான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சிம்னியில் காரை உதிர்ந்து விரிசல் விட்டிருக்கும். மேல்தளத்திலோ பரணிலோ புகை வாடை வந்தால், சோதித்துச் சரிசெய்யும் வரை தீ மூட்டவே கூடாது. அந்த விரிசலுக்கு அப்பால் இருப்பது கூரையின் மர உத்திரம்.

சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சில்வர் ஓக்: கணப்புக்கு எது நல்லது? வெட்டி மூன்று மாதமான விறகு போதுமா?
– வாசகர், கோத்தகிரி

மரத்தின் சாதியைவிட அதன் ஈரம்தான் முக்கியம். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பத்துக் கிலோ போட்டால் ஐந்து லிட்டர் நீரை ஆவியாக்கிய பிறகுதான் தீ சூடேறும். அதுவரை வருவது குளிர்ந்த, ஈரமான, தார் நிறைந்த புகை. அது சிம்னிச் சுவரில் படிந்து கிரியோசோட் என்ற கரிப்பிசினாகும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே எரிக்க வேண்டும்.

மூன்று மாதம் போதாது. சீகையும் கற்பூர மரமும் கெட்டியானவை. நன்றாக நின்று எரியும். ஆனால் நான்கு அங்குலத் தடிமனுக்குப் பிளந்து அடுக்கினாலும் முழுதாக ஓர் ஆண்டு வேண்டும். நீலகிரிக்குக் கற்பூர மரம் 1843 வாக்கில் வந்ததே விறகுத் தேவைக்காகத்தான். அதில் ஒரு சிக்கல்: நார் பின்னிப் போவதால் காய்ந்த பிறகு கோடரிக்கு மசியாது. வெட்டிய உடனே, பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். சில்வர் ஓக் லேசானது, சீக்கிரம் காயும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். தீ பிடிக்க வைக்க அது போதும். இரவு முழுக்கக் குளிர்காய அதை நம்ப முடியாது. பைன் மரத்தைப் பலர் ஒதுக்குகிறார்கள். நன்றாகக் காய்ந்த பைனில் தவறில்லை. பொறி தெறிக்கும் என்பதால் கம்பிவலைத் தடுப்பு அவசியம்.

டிசம்பர் கடைசியில் பிளந்து அடுக்கினால் மே வரை வெயில் கிடைக்கும். தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்தி, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போடுங்கள். தார்ப்பாயால் முழுக்கப் போர்த்தினால் உள்ளே பூஞ்சைதான் வளரும். காய்ந்ததா என்று பார்க்க ஈரமானி வாங்கலாம். ஆனால் அதை விறகின் வெளிப்பக்கத்தில் குத்தாதீர்கள். ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து, அந்தப் புதிய முகத்தின் நடுவே அளக்க வேண்டும்.

எங்கள் ஹோம்ஸ்டேயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால்தான் தீ பிடிக்கிறது. இது ஆபத்தா?
– வாசகர், கொடைக்கானல்

ஆபத்துதான். உடனே நிறுத்துங்கள். சாம்பலுக்கு அடியில் கங்கு கிடந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகி, அந்த ஆவி சட்டென்று தீப்பிடித்து முகத்தில் அடிக்கும். பெட்ரோல், டீசல், சானிடைசர் எதையுமே கணப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் தேவைப்படுகிறது என்றால் விறகு ஈரமாக இருக்கிறது, அல்லது அடுக்கும் முறை தவறு.

மேலிருந்து கீழே எரியும்படி அடுக்கிப் பாருங்கள். மணிக்கட்டுத் தடிமனில் மூன்று துண்டுகளைப் பின்சுவரை ஒட்டி, விரல் இடைவெளி விட்டு அடியில் வையுங்கள். அதன் மேல் குறுக்காக, கட்டைவிரல் தடிமனில் ஐந்தாறு. அதற்கும் மேல் பென்சில் தடிமனில் பத்துப் பதினைந்து சுள்ளி. உச்சியில் முடிச்சுப் போட்ட நான்கைந்து செய்தித்தாள் துண்டுகளை வைத்து அங்கேதான் தீக்குச்சி வைக்க வேண்டும். தீ மேலே இருப்பதால் சிம்னி முதலில் சூடாகும். கீழ் விறகிலிருந்து எழும் புகை அந்தச் சுவாலையைத் தாண்டிப் போகும்போது எரிந்துவிடும். முதல் இருபது நிமிடம் கைவைக்க வேண்டியதே இல்லை.

பளபளப்பான பத்திரிகைத் தாள், பால் கவர், பெயின்ட் அடித்த மரம், ஒட்டுப்பலகை எதையும் போடக் கூடாது. விருந்தினர் குப்பையை உள்ளே எறிவார்கள் என்பதால் பக்கத்திலேயே ஒரு குப்பைக்கூடை வைத்துவிடுங்கள். கம்பளம், சோபா, விறகுக் கூடை எல்லாம் மூன்று அடிக்கு அப்பால் இருக்கட்டும்.

கணப்பு இல்லாத படுக்கையறைக்குத் தணல் அள்ளிய சட்டி வைக்கலாமா? புகையே இல்லையே?
– வாசகி, குன்னூர்

வேண்டவே வேண்டாம். புகை இல்லாததுதான் ஏமாற்றுகிறது. தணலும் அடுப்புக்கரியும் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, வாடை இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் அதை இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் பாதுகாப்பில்லை. புகைபோக்கி இல்லாத அறையில் எந்தத் தணலும் கூடாது. யாராவது மயங்கியிருந்தால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

கணப்பு உள்ள வீட்டிலும் இதே கவனம் தேவை. சாம்பலில் செந்தணல் இருக்கும்வரை டேம்பரை மூடாதீர்கள். சூடு வீணாகிறதே என்று மூடிவிட்டுப் படுப்பது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வாங்கி மாட்டுங்கள்.

கனடாவில், ஒன்டாரியோவில் வீடு வாங்கினோம். விறகு ஸ்டவ்வில் இரவு கட்டை நிறையப் போட்டு, காற்று வழியை முழுக்க மூடிவிட்டுத் தூங்குகிறோம். காலையில் ஸ்டவ் கதவின் கண்ணாடி கரேலென்று இருக்கிறது. ஏன்?
– வாசகர், ஒன்டாரியோ

கண்ணாடியில் படிவது சிம்னிக்குள்ளும் படிகிறது. அதைத்தான் கவனிக்க வேண்டும். காற்றை முழுக்க மூடினால் விறகு சுவாலையில்லாமல் புகைந்துகொண்டே இருக்கும். மரத்திலிருந்து வரும் வாயு எரியாமல் மேலே போய், குழாயின் மேற்பகுதியில் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்ததும் கிரியோசோட்டாக உறையும். பனிக்காலத்தில் வீட்டுக்கு வெளிப்புறமாகப் போகும் சிம்னியில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இரவுக்கு இப்படிச் செய்யுங்கள். தணலை முன்பக்கம் இழுத்துவிட்டு, காய்ந்த பெரிய துண்டுகளை நெருக்கமாக அடுக்குங்கள். காற்று வழியை முழுக்கத் திறந்து, எல்லாத் துண்டும் மேலே கருகும்வரை 15–20 நிமிடம் எரிய விடுங்கள். பிறகு மூன்று நான்கு படிகளாகக் குறையுங்கள். ஒவ்வொரு படியிலும் சுவாலை உயிரோடு இருக்க வேண்டும்; அணைந்தால் கொஞ்சம் திரும்பத் திறந்துவிடுங்கள். சுவாலை அடங்கிச் சிவந்த தணல் மட்டும் இருக்கும்போதுதான் மேலும் குறைக்கலாம். காலையில் அந்தத் தணலிலேயே தீக்குச்சி இல்லாமல் பற்ற வைக்க முடியும். ஒற்றைச் சுவர் குழாய் என்றால், ஸ்டவ்வுக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் காந்த வெப்பமானி ஒட்டுங்கள். 115 முதல் 245 டிகிரி செல்சியஸ் வரை சரியான அளவு. இரட்டைச் சுவர் குழாயில் அது குறைத்துக் காட்டும். உள்ளே நுழையும் வகை வெப்பமானிதான் வேண்டும். உங்களுடையது கேட்டலிஸ்ட் (குறைந்த சூட்டிலேயே புகையை எரிக்கும் வினையூக்கி) உள்ள ஸ்டவ் என்றால் தணித்து எரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதன் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

ஸ்டவ் கதவின் விளிம்பில் காற்று புகாமல் அடைக்கும் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு காகிதத்தை நடுவில் வைத்துக் கதவை மூடுங்கள். எளிதாக உருவ முடிந்தால் கயிற்றை மாற்ற வேண்டும். ஸ்டவ் ஆறியிருக்கும்போது சோதியுங்கள். நான்கு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். புதிதாக வாங்கிய வீடு என்பதால் வெட் (WETT: விறகு ஸ்டவ், சிம்னி ஆய்வுக்குப் பயிற்சியும் சான்றும் தரும் கனடா அமைப்பு) சான்று பெற்ற ஆய்வாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல காப்பீட்டு நிறுவனங்கள் இந்த அறிக்கையைக் கேட்கும்.

சிம்னிக்குள் தீப்பிடித்தால் எப்படித் தெரியும்? என்ன செய்வது?
– வாசகர், வால்பாறை

விமானம் போவதுபோல ஓர் உறுமல் சத்தம், சிம்னி உச்சியில் தீப்பொறியோ சுவாலையோ, சுவரில் கைவைக்க முடியாத சூடு. உள்ளே வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஸ்டவ் என்றால் கதவையும் காற்று வழியையும் மூடுங்கள். எல்லோரையும் வெளியேற்றி 101ஐ அழையுங்கள். சிம்னிக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். சட்டென்று குளிர்ந்தால் செங்கலும் குழாயும் வெடிக்கும். தானாக அணைந்தாலும் ஆய்வு முடியும்வரை அதைப் பயன்படுத்தக் கூடாது.

உள்சுவரில் படிவு மூன்று மில்லிமீட்டர் சேர்ந்ததுமே சுத்தம் செய்ய வேண்டும். பளபளவென்று தார் பூசினாற்போல் இருந்தால் அளவே பார்க்க வேண்டாம். அது பிரஷுக்கு மசியாது. தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் முன், சிம்னியைத் தேய்த்துவிடுவது வழக்கமாகட்டும்.

சாம்பலைத் தோட்டத்தில் போடலாமா?
– வாசகி, கூடலூர்

போடலாம், ஆனால் ஆறிய பிறகு. சாம்பலுக்குள் கங்கு நாலு நாள்கூட உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியோ அட்டைப்பெட்டியோ ஆகாது. மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி, சிமென்ட் தரையில் வையுங்கள். ஸ்டவ்வில் எல்லாவற்றையும் வழித்துவிடாமல் ஓர் அங்குலம் விட்டால் அடுத்த தீ எளிதில் பிடிக்கும்.

சாம்பல் காரத்தன்மை உடையது. முட்டைகோஸ், பீன்ஸ் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி தூவலாம். தேயிலைக்கும், நீலப் பூவாகவே இருக்க வேண்டிய ஹைட்ரேஞ்சியாவுக்கும் அமில மண் வேண்டும், அங்கே போடாதீர்கள். உருளைக்கிழங்குப் பாத்தியிலும் வேண்டாம், கிழங்கில் சொறி நோய் கூடும்.