அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்துக் கோச்சை நீக்க ஏன் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்கள்? ரசிகர்கள் இதற்கு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

கேட்டவர் அநேகமாக அமெரிக்காவுக்குப் படிக்க வந்து ஆறு மாதம் ஆகியிருக்காது. மார்ச் மாதத்தில் அறைத் தோழன் டிவி முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்ட மாதிரி இருக்கிறது. நான் 2011-லிருந்து ப்ளூமிங்டனில் இருக்கிறேன். இந்தியானா பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். இதற்குப் பதில் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: ஒரு கோச்சை நீக்கச் சொல்லி அரங்கத்தில் தொண்டை கிழியக் கத்தியவள் நான். அதே குளிர்காலத்தில் என்னையும் நீக்கினார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். கோச்சோடு ஆறேழு வருடத்துக்கு ஒப்பந்தம் போடுவார்கள். நடுவில் "நீ ஜெயிக்கவில்லை, கிளம்பு" என்றால் மீதி வருடங்களுக்காகப் பேசிவைத்த தொகையைக் கொடுத்துத்தான் அனுப்ப முடியும். பைஅவுட் என்பது இதுதான். 2021 மார்ச்சில் ஆர்ச்சி மில்லரை இங்கிருந்து அனுப்பியபோது அது 1.03 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். பல்கலைக்கழகக் கல்லாவிலிருந்து எடுக்கவில்லை, நன்கொடையாளர்கள் கொடுத்தார்கள். விதிமீறலில் மாட்டினால் கதை வேறு. முன்பு இங்கே கோச்சாக இருந்த கெல்வின் சாம்ப்சன், பள்ளி மாணவர்களை அணியில் சேர்க்க விதியை மீறி போன் பேசினார் என்ற விவகாரத்தில் 2008 பிப்ரவரியில் வெளியேறினார். அவருக்கு ஏழரை லட்சம் டாலரோடு முடிந்தது.

மில்லர் அப்படி என்ன செய்துவிட்டார்? நான்கு வருடத்தில் 67 வெற்றி, 58 தோல்வி. 68 அணிகள் மோதும் மார்ச் மாதத் தேசியப் போட்டிக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. (2020-இல் கொரோனாவால் அந்தப் போட்டியே நடக்கவில்லை. அதையும் அவர் கணக்கில் எழுதியது அநியாயம் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.) அதைவிடப் பெரிய குற்றம், பர்டூவை அவர் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. பர்டூ இதே மாநிலத்தில் இருக்கும் இன்னொரு பல்கலைக்கழகம், எங்கள் பங்காளி. பங்காளியிடம் தோற்றவனுக்கு இந்த ஊரில் டீ கிடைக்காது.

ஆனால் கோபத்தின் வேர் மில்லரிடமோ அவருக்கு முன் இருந்த டாம் க்ரீனிடமோ இல்லை. அது பாப் நைட்டில் இருக்கிறது. 1971 முதல் 2000 வரை 29 சீசன் இங்கே கோச்சாக இருந்தார். 1976, 1981, 1987 என்று மூன்று சாம்பியன் பட்டம். 1976-இல் 32 ஆட்டம், 32 வெற்றி. அதற்குப் பிறகு ஆண்கள் பிரிவில் எந்த அணியும் தோல்வியே இல்லாமல் பட்டம் வாங்கியதில்லை. அதே மனிதர்தான் 1985-இல் பர்டூவுடன் ஆடும்போது கோபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி ஆடுகளத்துக்குள் எறிந்தார். பயிற்சியின்போது ஒரு வீரனின் கழுத்தில் கை வைத்த வீடியோ 2000-இல் வெளியே வந்தது. இனி ஒரு தவறு நடந்தாலும் வேலை போய்விடும் என்று எச்சரித்தார்கள். செப்டம்பரில் ஒரு மாணவனின் கையைப் பிடித்து இழுத்து அதட்டினார், வேலை போனது. அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டுக்கே திரண்டு போனார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். நைட் போடுவாரே, அதே மாதிரி ஒரு சிவப்பு ஸ்வெட்டர் இவரிடமும் உண்டு, முழங்கையில் நைந்துபோனது. ஆட்ட நாளில் அதைப் போட்டுக்கொண்டுதான் குப்பைத்தொட்டியைக்கூட வெளியே வைப்பார். நைட்டுக்குப் பின் எத்தனை கோச் வந்தாலும் அவர் தீர்ப்பு ஒன்றுதான்: இவர் நைட் இல்லை. மாமியார் கைக்குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்த வீட்டில் மருமகள் வைக்கும் குழம்பு மாதிரி. உப்பு சரியாக இருந்தாலும் ஏதோ குறையும்.

நைட் செய்தது சரி என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவர வேண்டாம். பிள்ளை கழுத்தில் கை வைப்பவர் என் மகளுக்குக் கோச்சாக வந்தால் நானே போலீஸுக்குப் போவேன். நான் சொல்வது ரசிகர்களைப் பற்றி.

நான் ரசிகையான கதையும் கொஞ்சம் உண்டு. கணவர் ஆராய்ச்சி மாணவர், நான் அவரைச் சார்ந்து வந்தவள். வேலைக்குப் போகக்கூடாத விசா, கையில் காசு கிடையாது, பேசவும் ஆள் கிடையாது. வந்த வருடம் டிசம்பர் 10, சனிக்கிழமை. திடீரென்று குடியிருப்பு முழுக்க அலறல், வெளியே கார் ஹாரன். தீ விபத்தோ என்று பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். எதிர் வீட்டுப் பெண், முன்பின் பேசியிராதவள், என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நாட்டின் முதல்நிலை அணியான கென்டக்கியைக் கடைசி விநாடியில் கிறிஸ்டியன் வாட்ஃபோர்ட் போட்ட மூன்று புள்ளிப் பந்தில் ஜெயித்திருந்தார்கள், 73-72. மூன்று வருடம் முன்பு இதே க்ரீனின் முதல் சீசனில் 6 வெற்றி, 25 தோல்வி. அன்றைக்கு அவர் தெய்வம். 2017-இல் அவரையும் அனுப்பினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் பள்ளியில் கூடைப்பந்து ஆடியவள், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு (guard) இடத்தில். மாநிலப் போட்டி வரை போனேன். பொறியியல் சேர்க்கையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ் வேண்டும். பள்ளி அலுவலகத்தில் "ஹெச்.எம். கையெழுத்து வரணும், நாளைக்கு வாம்மா" என்று பதினோரு நாள் அலைக்கழித்தார்கள். கடைசித் தேதிக்கு மறுநாள் மேசை இழுப்பறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கையெழுத்து அதில் முதல் வாரமே போட்டிருந்தது. தேதியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அப்பா "விடும்மா, பொம்பளப் புள்ளைக்குப் பந்து எதுக்கு" என்றார். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

மில்லருக்குப் பிறகு வந்தவர் மைக் வுட்சன். நைட்டிடமே ஆடியவர், என்.பி.ஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் கோச்சாக இருந்தவர். ஊரே "நம்ம ஆள் வந்துட்டார்" என்று கொண்டாடியது, பக்கத்து வீட்டுப் பெரியவரைச் சொல்லவே வேண்டாம். முதல் இரண்டு வருடம் தேசியப் போட்டிக்கும் போனார்கள். அப்புறம் சறுக்கல்.

2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை இரவு, அசெம்பிளி ஹால். கணவரின் நண்பர் கொடுத்த டிக்கெட்டில் நானும் பத்து வயது மகளும் உச்சிப் படிக்கட்டில். 17,000 பேர் உட்காரும் அரங்கம் அது, மேலே போகப்போக மொட்டை மாடியில் நின்று பார்ப்பது மாதிரி செங்குத்தாக ஏறும். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பேண்டில் வீரர்கள் ஓடிவந்தபோது மகள் சிலிர்த்துப்போனாள். ஆட்டம் இல்லினாயுடன், 94-69 என்று தோற்றோம். எங்கேயோ கீழே மாணவர் பகுதியில் ஆரம்பித்தது, "ஃபயர் வுட்சன்". மெல்ல மெல்ல மேலே ஏறி எங்கள் வரிசைக்கு வந்தது. நானும் சேர்ந்துகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. மகள் என் கையை இழுத்தாள்.

"அம்மா, அவருக்குக் கேக்காதா?"

"கேக்கட்டும்" என்றேன்.

அந்தக் குளிர்காலம் நான் மகளின் அணிக்குக் கோச். சம்பளம் இல்லை, சும்மா தன்னார்வம், சிறுமிகள் லீக், ஒன்பது பிள்ளைகள். இடது கையால் பந்து தட்டாத பிள்ளை என்றைக்கும் முன்னேறாது என்பது என் கட்சி, அதனால் பயிற்சியில் பாதி நேரம் இடது கைதான். ஏழு ஆட்டத்தில் ஒன்று ஜெயித்தோம். ஒரு சனிக்கிழமை காலை, இடைவேளையில் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரஞ்சுப் பழத்தைக் கீற்றுக் கீற்றாக நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. பெற்றோர் குழுவில் ஒரு செய்தி. என்னைச் சேர்க்காத வேறொரு குழுவுக்குப் போக வேண்டியது, தவறி எங்கள் குழுவுக்கு வந்துவிட்டது. அவர் ரொம்ப நல்லவர்தான், ஆனால் இங்கே ஆட்டம் எப்படி என்று தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது, எல்லோரும் சேர்ந்து லீக்கில் பேசலாமா என்று எழுதியிருந்தார்கள். கீழே ஏழு கட்டைவிரல். நான் படித்து முடிப்பதற்குள் செய்தியை அழித்துவிட்டார்கள். ஆரஞ்சுச் சாறு ஒட்டியிருந்ததால் போன் திரை என் விரலுக்கு ஒழுங்காக அசையவில்லை. அதுமட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"இங்கே" என்ற சொல் குத்தியது. அது நிறம் பார்த்துச் சொன்னதா, தோல்வி பார்த்துச் சொன்னதா என்று இன்றுவரை எனக்கு முடிவாகத் தெரியவில்லை. ஒரே ஒரு வெற்றியோடு நிற்கும்போது இனத்தைக் காரணம் சொல்லவும் கூச்சமாக இருந்தது. லீக்கிலிருந்து போன் வந்தது, என் உழைப்புக்கு மிக்க நன்றி என்றார்கள். உயர்நிலைப் பள்ளியில் ஆடிய ஒரு அப்பா கோச் ஆனார். பைஅவுட் எதுவும் இல்லை. ஆரஞ்சு டப்பாவைக்கூட நான்தான் கேட்டு வாங்கினேன்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, பிப்ரவரியில், வுட்சன் சீசன் முடிவில் விலகுவதாக அறிவிப்பு வந்தது. மார்ச்சில் டேரியன் டிவ்ரீஸ் வந்தார். கிட்டத்தட்ட அணி முழுவதையும் புதிதாகத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது வீரர்கள் ஒவ்வொரு வருடமும் கல்லூரி மாறலாம், கோச் போனால் பாதி அணி அவர் பின்னாலேயே கிளம்பிவிடும். அவசர அவசரமாக மார்ச்சிலேயே ஆள் மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொறுமையாக இருந்தால் நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கும், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். பர்டூவில் மேட் பெயின்டர் 2005-லிருந்து கோச். 2023-இல் ஃபேர்லி டிக்கின்சன் என்ற குட்டி அணியிடம் முதல் சுற்றிலேயே தோற்று நாடே சிரித்தது. அவரை அனுப்பவில்லை. அடுத்த வருடமே இறுதிப் போட்டிக்குப் போனார்கள். நாங்கள் துரத்திய சாம்ப்சன் 2025-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். ஆனால் எங்களுக்கு யாரைப் பொறுத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? பெரியவரிடம் டிவ்ரீஸ் எப்படி என்று கேட்டேன். வேலி ஓரம் நின்று யோசித்துவிட்டு, நைட்டின் பயிற்சி முறையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

நான் கோச்சாக இல்லாத முதல் சனிக்கிழமை பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். புதிய கோச் என் மகளை இரண்டாம் பாதி முழுக்க வெளியே உட்காரவைத்தார். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் மகள், "நீ பேசினது எல்லாருக்கும் கேட்டுது, அவருக்கும்" என்றாள். இப்போது அவள் ஆட்டங்களுக்கு அவள் அப்பா போகிறார். நான் ஆரஞ்சு நறுக்கிக் கொடுத்து அனுப்புகிறேன்.