ரிக்கர் இல்லாத வகுப்பில் சீரான ஆர்முடுகலை (வேகம் ஒரே வீதத்தில் கூடுவதை) எப்படிக் காட்டுவது?

கொழும்பில் தரம் 10க்கு இயக்கம் படிப்பிக்கிறீர்கள், நாடாவில் சம நேர இடைவெளியில் புள்ளியிடும் ரிக்கரும் அந்த நாடாவை இழுத்தோடும் துரொல்லி வண்டியும் இல்லை என்கிறீர்கள். பல இடங்களில் அவை அலுமாரிக்குள்ளேயே இருக்கும். உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்று பூட்டியே வைத்திருப்பார்கள். பிள்ளைகள் கையால் தொடாத உபகரணத்துக்கு என்ன பெறுமதி?

நட்டும் நூலும் போதும். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் ஒரேயளவு நட்டுகள் பத்து வாங்குங்கள். இரண்டு நூல்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து நட்டுகள். முதல் நூலில் அடிநட்டிலிருந்து 40, 80, 120, 160 செ.மீ. இரண்டாவதில் 10, 40, 90, 160 செ.மீ. முடிச்சு நூலைத் தின்னும். ஆகவே கட்டிய பிறகு தொங்கவிட்டு அளந்து திருத்துங்கள். நைலோன் வேண்டாம். அது இழுபட்டு நிற்கும், விட்டதும் சுருங்கி மேல் நட்டுகளைக் கீழே இழுக்கும். பருத்தி நூல்தான் சரி.

பிஸ்கற் தகரமொன்றைக் கவிழ்த்து வைத்து, அடிநட்டு அதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நூலைப் பிடியுங்கள். கையைத் தாழ்த்தாமல் விரல்களை மட்டும் விரியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காலி வீதிப் பக்க வகுப்பென்றால் ஜன்னலையும் சாத்துங்கள்.

சம இடைவெளி நூலைத்தான் முதலில் விட வேண்டும், அதுவும் பிள்ளைகளிடம் ஊகம் கேட்ட பிறகு. பெரும்பாலானோர் ஒரே சீராகத் தட்டும் என்பார்கள். தட்டுகளோ நெருங்கிக்கொண்டே வரும்: இடைவெளிகள் 0.118, 0.091, 0.077 செக்கன். அடுத்த நூல் 0.143 செக்கனுக்கு ஒருமுறை சீராகத் தட்டும். அந்த நூலின் உயரங்களில் 1, 4, 9, 16 என்ற விகிதம் எங்கிருந்து வந்தது என்பதை அதற்குப் பிறகு அவர்களே தேடட்டும்.

அடிநட்டு நின்றதும் மற்றவை மெதுவாகாதா என்று யாராவது கேட்கலாம். ஆகாது, நூல் தளர்ந்துவிடும். காற்றுத் தடையையும் இழுக்க வேண்டாம். கடைசி நட்டின் வேகமே 5.6 மீ/செ தான், இரும்பு நட்டுக்கு அது பொருட்டல்ல.

g (புவியீர்ப்பு ஆர்முடுகல்) கணிப்பதானால் போனில் ஒலியைப் பதிந்து அலைவடிவில் அளவிடுங்கள். ஒரு இடைவெளியை மட்டும் எடுத்து 0.01 செக்கன் பிழைத்தால் g ஏறத்தாழ 14% பிசகும். இரண்டாவது நூலில் முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை அளந்து மூன்றால் பிரித்தால் அதே பிழை 5%க்குள் அடங்கும்.