கையுறை போட்டும் மணிக்கட்டில் கொப்புளம்: சிடிஎன்பி செய்யும் வேலை

கேள்வி: உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மீன் கல்லீரலில் ஜிஎஸ்டி (குளுட்டாத்தயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ்) என்சைமை அளக்க சிடிஎன்பி என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறேன். முதல் சில நாட்கள் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி செய்தபோது, இரண்டாம் நாள் வலது மணிக்கட்டு சிவந்து, அரித்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வந்தன. நைட்ரைல் கையுறை போட்டிருந்தேன். சோதனையைத் தொடரலாமா?

பதில்: இப்போதைக்கு அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். உறுதியாகச் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் நீங்கள் சொல்லும் நாள் கணக்கு சிடிஎன்பி ஒவ்வாமைக்கு அப்படியே பொருந்துகிறது. முதல் முறை பட்டபோது உடல் அதை அடையாளம் வைத்துக்கொள்கிறது. அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அடுத்த முறை பட்டால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தோல் பொங்கிவிடும். உடனே எரியாததால் பலர் இதைச் சாப்பாட்டு ஒவ்வாமை என்றோ கையுறை ஒவ்வாமை என்றோ நினைத்துவிடுகிறார்கள்.

ஏன் இப்படி? பிளஸ் டூ வேதியியலை நினைத்துப் பாருங்கள். சாதாரண குளோரோபென்சீனில் இருக்கும் குளோரினை சோடியம் ஹைட்ராக்சைடால் கழற்ற 623 கெல்வின் வெப்பமும் 300 வளிமண்டல அழுத்தமும் வேண்டும். அதே வளையத்தில் இரண்டு நைட்ரோ தொகுதிகளைச் சேர்த்தால் 368 கெல்வினே போதும். அதுதான் 1-குளோரோ-2,4-டைநைட்ரோபென்சீன், நம் சிடிஎன்பி. செல்களில் இருக்கும் குளுட்டாத்தயோன் என்ற சிறு மூலக்கூறின் கந்தகம் வந்தால், அறை வெப்பத்திலேயே குளோரினை விட்டுவிட்டு அதோடு ஒட்டிக்கொள்ளும். அந்த விளைபொருளைத்தான் நீங்கள் 340 நானோமீட்டரில் அளக்கிறீர்கள். பிஎச் 6.5-இல் வைப்பதும், என்சைம் இல்லாத பிளாங்க் (ஒப்பீட்டுச் சோதனை) ஓட்டுவதும், என்சைம் உதவாமலே இது நடக்கும் என்பதால்தான்.

உங்கள் தோலில் இருக்கும் புரதங்களிலும் அதே கந்தகம் இருக்கிறது, அமினோ தொகுதிகள் இருக்கின்றன. கியூவெட்டில் (அளவீட்டுக் குப்பியில்) நடப்பது அங்கேயும் நடக்கிறது. டைநைட்ரோபீனைல் ஒட்டிய புரதத்தை உடல் அந்நியமாகப் பார்க்கிறது. 1930-களிலேயே லேண்ட்ஸ்டைனர், ஜேக்கப்ஸ் என்ற விஞ்ஞானிகள் கினிப்பன்றிகளில் இதைக் காட்டிவிட்டார்கள். பின்னாளில் மருக்களுக்கும் புழுவெட்டுக்கும் மருத்துவர்கள் வேண்டுமென்றே இதைத் தோலில் தடவி ஒவ்வாமையை உண்டாக்கி வைத்தியம் செய்தார்கள். பாக்டீரியாச் சோதனையில் மரபணுவை மாற்றும் என்று தெரிந்த பிறகு வேறு மருந்துகளுக்கு மாறினார்கள்.

சரி, கையுறை ஏன் காப்பாற்றவில்லை? கொப்புளம் வந்த இடத்தைப் பாருங்கள். விரலில் இல்லை, மணிக்கட்டில். கையுறை முடிந்து கோட் கை தொடங்கும் அந்த இரண்டு விரல் அகலம்தான் லேப்பில் எல்லோரும் மறக்கும் இடம். சிடிஎன்பியின் எத்தனால் கரைசலை மைக்ரோபைப்பெட்டில் எடுத்தால் முனையிலிருந்து தானாகச் சொட்டும். எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று தடவை உறிஞ்சி வெளியே விட்டால் சொட்டுவது குறையும். நீளக் கையுறை போட்டு, கோட் கையை அதற்குள் விடுங்கள். மெல்லிய நைட்ரைல் தெறிப்பைத் தாங்கத்தான். எத்தனாலில் கரைந்த சிடிஎன்பி பட்டால் உடனே கழற்றி மாற்ற வேண்டும். அதே கையுறையோடு பேனா, ஸ்பெக்ட்ரோ மூடி, கதவுப்பிடி எதையும் தொடக் கூடாது.

எடை போடும்போதுதான் அபாயம் அதிகம். வெளிர்மஞ்சள் படிகம், தராசுத் தட்டில் ஒரு துகள் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. அதனால் 10 மில்லிலிட்டர் கரைசலுக்கு 60.8 மில்லிகிராம் சரியாக வர வேண்டும் என்று கரண்டியோடு மல்லாடாதீர்கள். மூடி போட்ட காலிக் குப்பியை எடை பாருங்கள். ஃபியூம் ஹூடுக்குள் வைத்துக் கொஞ்சம் படிகத்தைப் போட்டு, மூடி, மறுபடி எடை பாருங்கள். 65 மில்லிகிராம் வந்ததா? 10.7 மில்லிலிட்டர் எத்தனால் விடுங்கள், 30 மில்லிமோலார் கரைசல் தயார். கரையவில்லை என்று நேரடித் தீயில் சூடாக்க வேண்டாம். அடைபட்ட நிலையில் சூடேறினால் வெடிக்கக்கூடிய பொருள் இது.

தோலில் பட்டால் சோப்பும் நிறையத் தண்ணீரும். எத்தனாலால் துடைக்கவே கூடாது, அது தோலுக்குள் இன்னும் இழுத்துச் செல்லும். உடலில் நிறையப் பட்டு உதடோ நகமோ நீலம் பாரித்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தோல் வழியாகவே உள்ளே போகும் நஞ்சு இது. மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் ஹாலஜன் (குளோரின் போன்றவை) கழிவு டப்பாவில் சேருங்கள்.

ஆய்வை நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வாமை உறுதியானால் கரைசல் தயாரிப்பதையும் கியூவெட்டில் சேர்ப்பதையும் உடன் ஆய்வு செய்பவரிடம் கொடுத்துவிட்டு, கல்லீரல் சாறு எடுப்பது, கணக்கு எல்லாம் நீங்கள் செய்யலாம். இதை வழிகாட்டியிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஒருமுறை வந்த இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். அப்புறம், உங்கள் லேப்பில் சாங்கர் வினைப்பொருள் இருந்தால் அதையும் தொட வேண்டாம். குளோரினுக்குப் பதில் ஃபுளோரின், அவ்வளவுதான். தோலில் ஒட்டுவது அதே டைநைட்ரோபீனைல்.