வகுப்பறையில் நேரலை: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். ஸ்மார்ட் போர்டு வந்தபிறகு, இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதல்களை யூடியூப் நேரலையில் காட்டி வருகிறேன். பதிவான காணொளியை மறுநாள் காட்டினால் போதாதா, இதற்காகப் பாடவேளையைக் கலைக்க வேண்டுமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– ஆசிரியை, தேனி மாவட்டம்

பதில்: அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது; பெரும்பாலான பாடங்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதே சரி. இதயம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்ட நேரலை எதற்கு? பதிவு என்றால் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், புரியாத இடத்தை மீண்டும் ஓட்டிக் காட்டலாம். முடிவு என்ன ஆகும் என்று காட்டுபவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது என்ற நிலையில்தான் நேரலைக்கு வகுப்பறையில் மதிப்பு உண்டு.

2023 அக்டோபர் 21 அன்று மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக்கலமான டிவி-டி1 புறப்படவிருந்தபோது, இன்னும் 5 விநாடிகளே இருந்த நிலையில் கணினி ஏவுதலை நிறுத்திவிட்டது. கோளாறைக் கண்டறிந்து சரிசெய்து, காலை 10 மணிக்கு ஏவினார்கள். பின்னாளில் வெட்டித் தொகுத்த காணொளியைப் பார்க்கும் மாணவருக்கு நெருப்பும் புகையும் கைதட்டலும்தான் தெரியும். இடையில் இருந்த காத்திருப்பும், அந்தக் காத்திருப்பும் அறிவியலின் ஒரு பகுதிதான் என்பதும் தெரியாது. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில், நிலவில் தரையிறங்கவிருந்த சந்திரயான்-2இன் விக்ரம் கலத்துடன் தொடர்பு அறுந்தபோது கட்டுப்பாட்டு அறையில் நிலவிய மௌனத்தை நேரலையில் கண்டவர்களுக்கு, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 தரையிறங்கியது இன்னொரு விதமான நிகழ்வாகத்தான் இருந்திருக்கும். அந்த மாலையில் யூடியூபில் மட்டும் ஒரே சமயத்தில் 80 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் திரையை ஓடவிட்டுவிட்டு நாற்காலியில் அமர்ந்துவிட்டால் அது பாடம் ஆகாது. இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட் ஏவுதல் என்றால், அதற்கு நான்கு நிலைகள் உண்டு, திட எரிபொருளும் திரவ எரிபொருளும் மாறி மாறி வரும் என்பதை முந்தைய நாளே கரும்பலகையில் வரைந்துவிடுங்கள். ஒவ்வொரு நிலையும் கழலும் நேரத்தையும், அப்போது அறிவிக்கப்படும் உயரத்தையும் வேகத்தையும் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதட்டும். முதல் நிலை இரண்டு நிமிடங்களுக்குள் கழன்றுவிடும். செயற்கைக்கோள் பிரிவதும் பெரும்பாலும் 20 நிமிட அளவில் முடிந்துவிடும் என்பதால், ஒரு பாடவேளைக்குள் அடங்கும். மறுநாள் அந்த எண்களைக் கொண்டு வரைபடம் போடச் சொன்னால் கணக்கு ஆசிரியரும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெரிய ஏவுதல்கள் நடக்கும் நாளில் யூடியூபில் போலி நேரலைகள் முளைக்கும். பழைய காட்சியை ஓடவிட்டு, பணம் பறிக்கும் க்யூஆர் குறியீட்டை ஓரத்தில் வைத்திருப்பார்கள். மாணவர்கள் முன்னிலையில் தேடாமல், இஸ்ரோவின் அதிகாரபூர்வ அலைவரிசையை முன்னதாகவே திறந்து, அரட்டைப் பெட்டியை மூடி வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய ஆசிரியர் ஒருவர் வகுப்பு நடக்கும்போதே தம் கைபேசியில் இன்ஸ்டாகிராம் லைவ் போடுகிறார். பிள்ளைகள் பாடுவதும் பதில் சொல்வதும் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிகிறது. நல்ல ஆசிரியர், மனம் நோகச் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: தயங்காமல் சொல்லுங்கள். உலகத்தை வகுப்பறைக்குள் கொண்டுவருவது ஒன்று, வகுப்பறையை உலகத்தின் முன் வைப்பது முற்றிலும் வேறொன்று. வகுப்பறை தவறு செய்வதற்கான இடம். பதினோரு வயதுப் பிள்ளை ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்குப் பதிலாக ஐம்பத்து நான்கு என்று சொன்னால், அது நாற்பது பேர் சிரித்து மறந்துபோகும் அளவோடு நிற்க வேண்டும். நேரலை என்பதால் கரைந்துபோகும் என்றும் எண்ண வேண்டாம், பார்ப்பவர் எவரும் தம் திரையைப் பதிவு செய்துகொள்ள முடியும். சீருடையும் பின்சுவரில் உள்ள பள்ளியின் பெயரும் பிள்ளை பகலில் எங்கே இருக்கிறாள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டமும் உங்கள் பக்கமே சாய்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. செயலிகளை நடத்தும் நிறுவனங்களே கூடக் கட்டுப்பாட்டை இறுக்கியிருக்கின்றன: 2025 ஜூலை 22 முதல், 16 வயது நிரம்பாதவர் யூடியூபில் பெரியவர் துணையின்றி நேரலை செய்ய முடியாது.

முதலில் ஆசிரியரிடமே தனியாகப் பேசுங்கள். பிள்ளைகளின் முகத்தை விடுத்துத் தம் கரும்பலகையையும் சோதனையையும் மட்டும் பதிவு செய்து வெளியிடும்படி கேட்டுப் பாருங்கள், அவருடைய திறமைக்கு அதனால் ஒரு குறையும் வராது. அவர் ஏற்காவிட்டால் தலைமையாசிரியரிடமும், பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் எழுத்து மூலம் வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஆண்டு விழாவை வெளிநாட்டில் வேலை செய்யும் பெற்றோருக்காக யூடியூபில் நேரலை செய்தோம். மாணவிகளின் சினிமாப் பாட்டு நடனத்தின் நடுவே ஒளிபரப்பு தடைபட்டது. பள்ளி விழாவுக்குமா காப்புரிமை?
– தலைமையாசிரியர், சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்கள் அரங்குக்குள் பாட்டு ஒலித்ததில் சிக்கல் இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், அந்நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள் என்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். எவரும் பார்க்கக்கூடிய நேரலை அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. மேலும், யூடியூபில் தடுப்பது மனிதர் அல்ல. பாட்டின் ஒலியை அடையாளம் காணும் மென்பொருளுக்கு அது பள்ளி விழாவா கல்யாண மண்டபமா என்று தெரியாது. தேடலில் வராத ‘அன்லிஸ்டெட்’ நேரலையாக வைத்தாலும் இணைப்பு கிடைத்தவர் எவரும் பார்க்கலாம், மென்பொருளும் விடாது. அடுத்த ஆண்டு கூகுள் மீட் இணைப்பைப் பெற்றோருக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள். அல்லது பறையும் கும்மியும் மாணவர்களே வாசித்துப் பாடட்டும், விழாவும் இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் வைஃபை இல்லை. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் நேரலை காட்டினால் எவ்வளவு டேட்டா செலவாகும்?
– ஆசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: 720பி தரத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 2.5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 40 நிமிடப் பாடவேளைக்கு 750 எம்பி ஆகும், தினமும் 1.5 ஜிபி தரும் திட்டத்தில் பாதி. வகுப்பறைத் திரைக்கு 480பி தரமே போதும், அதில் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கைபேசியைச் சன்னல் ஓரத்தில் வைத்து, வாட்ஸ்அப் அறிவிப்புகளை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். கைபேசியையே திரையில் காட்டுவதாக இருந்தால், உங்கள் வீட்டுச் செய்திகள் எல்லாம் நாற்பது பேர் முன்னால் வந்து நிற்கும்.