வாசகர் கேள்வி: காப்புக்காட்டில் எதற்கு மரம் வெட்டுகிறார்கள்?

கேள்வி: கொடைக்கானல் போயிருந்தபோது, சரணாலயம் என்று போர்டு வைத்த இடத்திலேயே மரங்களை வெட்டி அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். கேட்டால் வனத்துறை வேலை என்கிறார்கள். அப்புறம் எதற்குப் பாதுகாப்பு? (வாசகி, ஈரோடு)

பதில்: நீங்கள் பார்த்தது அநேகமாகச் சீகை மரமாக இருக்கும், ஆங்கிலத்தில் வாட்டில் (wattle) என்பார்கள், சீகைக்காய்ச் செடி இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடப் பட்டை, ஆலைக்கு மரக்கூழ் என்று வனத்துறையே பழனி மலையிலும் நீலகிரியிலும் சரிவு சரிவாக நட்டுத் தள்ளியது. இன்று வெட்டுவதும் அதே துறைதான்.

சரி, அங்கே முன்பு என்ன இருந்தது? பள்ளங்களில் சோலைக்காடு, அதாவது எப்போதும் பசுமையாக இருக்கும் குட்டை மரக்காடு. மேட்டிலும் சரிவிலும் புல். மரமில்லாததால் தரிசு என்று நினைத்துவிட்டார்கள். மார்கழி, தையில் விழும் உறைபனியில் சோலைக் கன்றுகள் வெட்டவெளியில் பிழைக்காது என்பதால் அது காலங்காலமாகப் புல்வெளியாகவே இருந்த நிலம். வரையாடு மேய்வது அங்கேதான், 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி நிற்பதும் அங்கேதான். சீகை நிழல் விழுந்தால் புல் செத்துவிடும், புல்லோடு சேர்ந்து அதை நம்பியிருந்த சின்னச் செடிகள், தரை ஆர்க்கிட்கள் எல்லாம் போய்விடும். அதனால் வெட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதில்தான் ஆட்சேபணை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெயிலோ தீயோ பட்டால் போதும், கும்பலாக முளைத்து முன்னைவிட அடர்த்தியான புதராகிவிடும். ஆகவே வெட்டிய இடத்தில் வருடா வருடம் கன்று பிடுங்க வேண்டும், உள்ளூர்ப் புல்லை நட வேண்டும். வெட்டுக்கு நிதி ஒதுக்குவது சுலபம், பத்து வருடம் கன்று பிடுங்கக் கூலி ஒதுக்க யாருக்கு மனசு வரும்?

இன்னொன்று, பழனி மலையில் சில இடங்களில் வயதான சீகைக்கு அடியில், நிழலும் ஈரமும் இருப்பதால் சோலை மரக்கன்றுகள் தானாகவே வளர்ந்து வருகின்றன. அங்கே கோடாரியைக் கொண்டுபோவது முட்டாள்தனம். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று சரிவுக்குச் சரிவு பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்நியச் செடிகளை அகற்றத் தமிழக அரசு 2022இல் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. இனி மலையில் வேலை எப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி.

கேள்வி: அடுத்த மாதம் நண்பர்களோடு ஊட்டி போகிறோம். வழியெல்லாம் விதைப்பந்து வீசலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வேண்டாம் சாமி! மேலே நீங்கள் படித்த சிக்கலே மரமில்லாத இடத்தில் யாரோ மரம் வளர்க்க ஆசைப்பட்டதால் வந்ததுதான். சமவெளி விதை உறைபனியில் பிழைக்காது, பிழைத்துப் பரவினால் அது இன்னும் மோசம். பந்துகளை உங்கள் ஊர்க் குளத்தங்கரையில் போடுங்கள், ஒரு கோடைக்காவது தண்ணீர் ஊற்றுங்கள்.