அம்மாவின் ஈபிஎஃப் காசும் ஒன்பது கதைகளும்

கேள்வி: மலையகத்தில், பொகவந்தலாவையில் ஆசிரியராக இருக்கிறேன், வயது 33. என்னுடைய ஒன்பது கதைகளைச் சொந்தச் செலவில் 500 பிரதி போடுகிறேன் (முற்பணம் அம்மாவின் ஈபிஎஃப் காசில், அதாவது ஊழியர் சேமலாப நிதியில், கட்டியாகிவிட்டது). வெளியீடு ஹட்டனில், முதற்பிரதி ஒரு கடை முதலாளிக்கு. வீட்டில் யாருக்கும் எழுத்தின் அருமை தெரியாது. அம்மாவுக்கு வாசிக்க வராது, கைக்குழந்தையோடு இருக்கும் மனைவி நான் எழுத உட்கார்ந்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். கொழும்புக்கு மாற்றம் வாங்கிப் போனால்தான் எழுத்தாளனாக முடியுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, கொழும்பை ஒரு பக்கம் வையுங்கள். அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அம்மாவின் ஈபிஎஃப் காசு என்று. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அதை எழுதிய கையோடு வீட்டில் யாருக்கும் எழுத்தின் அருமை தெரியாது என்று எழுத எப்படி மனம் வந்தது? வாசிக்கத் தெரியாத ஒரு மனுசி வயசு காலத்துக்கு வைத்திருந்த காசை எடுத்துத் தந்திருக்கிறார். உங்கள் எழுத்தை நம்பி இதுவரை காசு போட்ட ஒரே ஆள் அவர்தான்.

அது எப்படிச் சேர்ந்த காசு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் சொல்கிறேன். கொழுந்து பறிக்கிறவரின் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், தேயிலைத் தோட்டம் 12 வீதம் போடும். கொழுந்து குறைந்து அரைப்பேர் (பாதி நாள் சம்பளம்) விழுந்த நாளில் அந்தச் சேமிப்பும் பாதிதான். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, காலில் அட்டை கடிக்கக் கடிக்க, மழையில் நின்ற நாளெல்லாம் அதில் இருக்கிறது.

கடிதத்தோடு அனுப்பிய கதையையும் வாசித்தேன். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் வரும் அக்கா 10 கிலோ கொழுந்து எடுத்துவிட்டு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். எந்தத் தோட்டத்தில்? பல இடங்களில் 16, 18 கிலோ கேட்கிறார்கள், அதுவும் ஈரம், சாக்கு என்று தராசில் கழித்த பிறகு. அம்மாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டியிருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பார். கதை முழுக்க அவர் வாழ்ந்த வாழ்க்கை, அவருக்கு மட்டும் அது தெரியாது. எனக்குக் கோபம் வருகிறது.

வாசிக்க வராது என்பதெல்லாம் ஒரு காரணமா? தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் 1940இல் பாட்டுகளை அச்சடித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, வாசிக்கத் தெரியாத சனத்துக்கு முன்னால் நின்று தானே பாடினார். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடிச் சேர்த்த மலைநாட்டுப் பாட்டுகளும் எழுத்தறியாத ஆட்களின் வாயிலிருந்து வந்தவைதானே.

இன்றைக்கே அச்சகத்துக்குப் போன் பண்ணி வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுங்கள். ராச்சாப்பாடு முடிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு கதை, சத்தமாக வாசியுங்கள். மனைவியும் இருக்கட்டும், குழந்தை உங்கள் மடியில் இருக்கட்டும். (பிள்ளை அழும்போது எழும்பாத ஆளைப் பார்த்து எந்தப் பெண்ணும் முகத்தைத் தூக்கத்தான் செய்வாள். அதற்கு இதற்குமேல் பதில் இல்லை.) அம்மா ஏதாவது ஒன்றை "இது வேணாம்ப்பா" என்றால், எடுத்துவிடுங்கள். பேரை மாற்றினாலும் பக்கத்துக் காம்பராக்காரருக்கு (லயத்தில் அடுத்த அறைக்காரருக்கு) ஆள் யாரென்று தெரிந்துவிடும். நீங்கள் வெளியீட்டை முடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவீர்கள், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தினமும் அவர்கள் முகத்தில் விழிக்கப் போவது அம்மாதான். நல்ல கதையாச்சே என்று என்னிடம் வாதாட வராதீர்கள், பெற்றவளின் நிம்மதியை விலையாகக் கொடுத்து ஒரு கதை வர வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

500 பிரதியும் வேண்டாம். சொந்தமாகப் புத்தகம் போட்ட பலர் வீட்டில் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, நம்மூர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். 200 அடியுங்கள், அப்புறம் கேட்டு வருகிறவர்களுக்கு டிஜிட்டலில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கலாம். ஐஎஸ்பிஎன் இலக்கம் தேசிய நூலகத்தில் கொடுப்பார்கள், அதற்காகக் கொழும்பில் குடியிருக்கத் தேவையில்லை.

முதற்பிரதியை முதலாளிக்கே கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அன்றைக்குப் பிரதி வாங்குகிறவர்கள் காசு வைத்துத் தரும் என்வலப்புகளைப் பிரித்து எண்ணி, அப்படியே அம்மாவின் வங்கிக் கணக்கில் போட்டு, வங்கிப் புத்தகத்தில் பதிந்து அவர் கையில் கொடுங்கள். அச்சகத்து மீதியை உங்கள் மாதச் சம்பளத்தில் தவணை வைத்துக் கட்டுங்கள்.